கால் சுற்று

இடது பக்கத் தகட்டில் எத்தனை ரிவெட் என்று
சனிக்கிழமை காலை எண்ணினோம்,
நான் தமிழில், லுங்கெலோ ஸுலுவில்.
எனக்கு நாற்பத்தொன்று,
அவனுக்கு நாற்பத்திரண்டு.
மொழி மாறினால் எண்ணும் மாறுமா என்று கேட்டான்.
மறுபடி எண்ண இருவருக்கும் பொறுமை இல்லை.

சில்வர்கிளென் சரிவில், வீட்டுக்கு அடியில் நிற்கிறது
கூரையில்லாத, கதவில்லாத, இரண்டே இருக்கை.
பைன்டவுனில் யாரோ கையால் கட்டி,
மூன்று கை மாறி என்னிடம் வந்தது.
இன்னும் பதினொரு தவணை பாக்கி.

உள்ளே எங்கோ பிரேக் குழாய் கசிகிறது.
கையை விட்டால் முழங்கையோடு நிற்கும்.
விரலில் ஈரம் மட்டும் திரும்பி வரும்.
"ஒரு சொட்டுக்காக நாற்பது தலை உருளணுமா?"
டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார் தனசேகரன், என் கணவர்.
உருளணும்.

மூன்று புள்ளி இரண்டு பிட்.
தேங்காய்த் துருவல் போலச் சுருண்டு வருகிறது அலுமினியம்;
செருப்புக்குள் விழுந்தால்தான் வித்தியாசம் தெரியும்.
சில ரிவெட் வெட்டுப்படாது,
பிட்டோடு சேர்ந்து தானும் சுற்றும்.
எங்கள் அலுவலகத்திலும் உண்டு அப்படி இரண்டு பேர்,
மேலாளர் எந்தப் பக்கம் திரும்பினாலும்.
கத்தி முனையை இடுக்கி அவற்றை நிறுத்த வேண்டும்
(ரிவெட்டைச் சொல்கிறேன்).
பதினேழில் மின்வெட்டு.
இருபத்து மூன்றில் பாட்டரி ட்ரில்லும் கண்ணை மூடியது.
மிச்சத்துக்கு உளி, சுத்தி, லுங்கெலோவின் கெட்ட வார்த்தைகள்.

பின்சக்கர வளைவுக்குக் கீழே
கடைசியாக ஒன்று,
உளி பட்டதுமே உதிர்ந்தது.
அடியில் ஓட்டையே இல்லை.
வெறும் தலை. பசையால் ஒட்டியது.
வரிசை குறையக் கூடாதென்று யாரோ
எதையும் பிடிக்காத ஒன்றை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.
"நான் எண்ணினது சரி" என்றான்.
"நானும்தான்" என்றேன்.
தலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தகடு விலகியது.
கசிவு குழாயில் இல்லை, இணைப்பு மரையில்.
ஸ்பானரால் அரைச் சுற்று, நின்றுவிட்டது.
வேலை ஒரு நிமிடம்.
வந்து சேர ஆறு மணி நேரம்.

துறைமுகப் பக்கம் பழைய விமானச் சாமான் விற்கிற கடையில்
கால் சுற்று ஆணி பதினான்கு வாங்கினேன்.
ஐந்து ராண்ட் காசைப் பிளவில் வைத்துக்
கால் சுற்று: டிக். கழன்றது.
கால் சுற்று: டிக். பூட்டியது.
பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்த லுங்கெலோ
தரையில் உட்கார்ந்து சிரித்தான்.
ஆணி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வில்.
வில் ஒவ்வொன்றையும் பிடிக்க இரண்டு ரிவெட்.
நாற்பத்தொன்றைப் பிடுங்கிய கையால்
இருபத்தெட்டை அடித்தோம்.

அடித்தகட்டைத் தொடவில்லை. பக்கத் தகடு சட்டை,
அது விலா எலும்பு.
வளைவில் வண்டி முறுகாமல் பிடிப்பது அதுதான்.
மிஞ்சிய இருபத்தேழு ஓட்டைகளுக்கும்
ரப்பர் மூக்குத்தி.
இந்த ஊர் உப்புக் காற்றில்
எஃகு பக்கத்தில் இருந்தால் அலுமினியம் உளுத்துப்போகும்;
நடுவே நைலான் வளையம், பெரிய மனிதர் மாதிரி.

பிறகு,
ஏன் என்று லுங்கெலோ கேட்கவில்லை,
அந்தப் பொய்த் தலையை
அதே இடத்தில், புதுப் பசையில்.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
கீழே: டிக்.
கொஞ்சம் இடைவெளி. டிக்.
டார்ச்சை வாயில் கவ்வி, லுங்கியை மடித்துக் கட்டி,
தகட்டைத் திறந்து மூடித் திறந்து
உட்கார்ந்திருக்கிறார் தனசேகரன்.
படியில் நின்று பார்த்தேன்.
பதினான்கும் முடிந்து
பின்சக்கரத்தின் அடியில் குனிந்தார்,
காசை அப்படி வைத்தார், இப்படி வைத்தார்,
டார்ச்சைக் கையில் எடுத்துவிட்டுக் கூப்பிட்டார்:

"இது மட்டும் ஏன் திரும்பலை?"